வாடகைக் கண்ணாடி

விடிய ஆறு மணிக்குப்
பீப்பாவில் தண்ணீர் நிரப்பி
டெட்டோல் இரண்டு மூடி ஊற்றினால்
நிலாவெளியில் என் கடை திறந்தாயிற்று.

கண்ணாடி முப்பத்தாறு.
மூச்சுக்குழாய் முப்பத்து நான்கு.
மற்ற இரண்டும் எங்கே என்று
கடலிடம்தான் கேட்கவேண்டும்.

குழாயின் வாய்ப்பிடியில் பல் பதிந்திருக்கும்.
ஆழக் கடித்தவருக்கு நீந்தத் தெரியாது.
பல்லே படாதது,
வள்ளத்தை விட்டு இறங்காமல்
தன் முகத்தையே படம்பிடித்து வந்தவருடையது.
ஒன்றில் வெற்றிலைச் சிவப்பு.
அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

நௌபரின் வள்ளம் ஏழரைக்கு.
பத்துப் பேர், பத்து ஜாக்கெட்,
கட்டத் தெரியாத இருபது நாடா.
ரிக்கெற்றைக் காற்று பறிக்காமல்
வாயில் கவ்விக்கொண்டு
புறாத்தீவுக்குப் போகிறார்கள்.
நான் கையசைப்பேன்.
என் கையில் எந்நேரமும் சவர்க்கார நுரை.

பதினொரு மணிக்குத் திரும்பும்போது
எல்லார் கண்ணைச் சுற்றியும் ஒரே சிவப்பு வளையம்,
ஒருத்தி பெற்ற பிள்ளைகள் போல.
வந்ததும் என்னிடம்தான் சொல்வார்கள்.
"அக்கா, சுறா! செட்டை நுனியில கறுப்பு.
என்னைப் பாத்திட்டுத் திரும்பிப் போட்டுது."
"ஆமை ஒண்டு மேஞ்சுகொண்டிருந்தது,
ஒரு அவசரமும் இல்லாமல்."
திமிங்கிலம் தேடி ஆழக்கடல் போனவர்கள்
சத்தியெடுத்த முகத்தோடு வந்து
"முதுகு மட்டும்" என்பார்கள்,
அந்த முதுகை ஒரு வாரத்துக்குப் பேசப்போகிறவர்களாக.
போலந்துக்காரி ஒருத்தி
முருகைக்கல்லைச் சொல்ல மொழி கிடைக்காமல்
ஐந்து விரலையும் விரித்தாள், மூடினாள்,
மறுபடி விரித்தாள்.
வவுனியா வங்கிக்காரர் மட்டும்
"காசுக்குப் பரவாயில்லை" என்றார்.

கேட்டுக்கொண்டே கழுவுவேன்.

கன்னியா வெந்நீர் எனக்குத் தெரியும்.
அப்பாவின் முப்பத்தோராம் நாள்
அங்கேதான் முழுகினோம்.
கோட்டை மானொன்று
என் சீலைத் தலைப்பைத் தின்றிருக்கிறது.
இராவணன் வெட்டில் நின்று
அடிவயிறு கூசக் கீழே பார்த்திருக்கிறேன்.
கண்ணெதிரே கிடக்கும் இந்தத் தீவுக்கு மட்டும்
கால் போகவில்லை.
முதலில் கைக்குழந்தை.
பிறகு ஞாயிற்றுக்கிழமைகள், சனம் கூடுகிற நாள்.
பிறகு
வாறீங்களா என்று கேட்கிறவர்களும்
கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் வாடை எழுந்தது.
கடல் தேத்தண்ணி நிறமாயிற்று.
வள்ளங்களைத் தாழம் பற்றைவரை இழுத்துக் கவிழ்த்தார்கள்.
வனவிலங்கு இலாகாக் கவுண்டரில் பூட்டு,
பூட்டுக்கு ஒரு பொலித்தீன் தொப்பி.

கடைசிக் கண்ணாடியைக் கழுவிவிட்டு
நாடாவைத் தலையில் மாட்டினேன்.
கொண்டை தடுத்தது. அவிழ்த்தேன்.
கயிறு சுருட்டிக்கொண்டிருந்த நௌபரின் பெடியன் தவிர
ஒரு காகமும் இல்லை.
குழாயைக் கடித்தேன், ஆழமாகத்தான்.
பீப்பாவுக்குள் முகத்தை அமிழ்த்தினேன்.

முதலில் மூச்சின் சத்தம்.
பக்கத்தில் யாரோ பெரிய உடம்புக்காரர்
தூங்குவது போல.
பிறகு நீலம்.
பீப்பாவின் நீலம்தான், ஆனாலும் நீலம்.
அடியில் ஒரு பிடி மணல்.
ஐந்து ரூபாய்க் குற்றி, கிட்ட வந்தது போல் பெரிதாக.
யாரோ பிள்ளையின் பச்சைத் தலைப்பட்டி
மெல்ல அசைந்துகொண்டு,
என்னைப் பார்த்தும் போகாமல்.
சோகி ஒன்று. உயிரிருந்ததா தெரியவில்லை.
நாக்கில் டெட்டோல் கசந்தது.
இன்னும் கொஞ்சம் இருந்தேன்.

நிமிர்ந்தபோது பெடியன் கயிற்றை விட்டிருந்தான்.
"என்ன அக்கா தெரிஞ்சது?"

விரல்களை விரித்தேன், மூடினேன்,
மறுபடி விரித்தேன்.

"ரிக்கெற் எடுத்தனீங்களோ?" என்றான்.