கீழிருந்து வரும் கை

மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸ் லின்சி
குவைத்துக்குக் கிளம்புகிற அன்று
இரண்டு முயல்களை என்னிடம் விட்டாள்.
ஒன்று குட்டன். ஒன்று அம்மிணி.
"பேடிக்கண்டான்னு சொல்லுங்க கனியக்கா,
மடிக்கே வந்துடும்."
பயம் வேண்டாமென்று அர்த்தமாம்.

சொன்னேன்.
செங்கோட்டைக்காரி வாயில் அந்த மலையாளம்
எப்படி விழுந்ததோ,
இரண்டும் கட்டிலடிக்குப் போய்
பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டின,
வீட்டுக்குள் இருந்துகொண்டே
யாரோ கதவைத் தட்டுவதுபோல.

எனக்கு வேலை புளியரைச் சாவடியில்.
அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்றால்
இந்தப் பக்கம் என்னைக் கூப்பிடுவார்கள்.
தினக்கூலி.
முதுகில் மருந்து டப்பா, கையில் குழல்.
தீவன லாரி, காலி வாத்து லாரி, சபரிமலை வேன்,
டயர் டயராக நனைப்பேன்.
கோழி ஏற்றி வந்தால் திருப்பிவிடுவோம்.
கூண்டுக் கம்பிக்குள்ளிருந்து ஒரு கண்
என்னைப் பார்த்தபடியே திரும்பிப் போகும்.

சோப்பு மூன்று தடவை போட்டாலும்
விரலிடுக்கில் பிளீச்சிங் பவுடர் போகாது.

முதல் வாரம் காதைப் பிடித்துத் தூக்கினேன்.
சந்தையில் அப்படித்தான் தூக்குவார்கள்.
அம்மிணி உதைத்ததில்
என் முழங்கையில் மூன்று கோடு.
கால்நடை டாக்டர் ஜமீலா
சீட்டு எழுதுவதை நிறுத்தாமல் சொன்னார்:
"உன் கோட்டை விடு. அந்த உதையில
அதோட முதுகெலும்பே முறிஞ்சிருக்கும்."

அப்புறம் குட்டன்.
மடியில் மல்லாக்கப் போட்டேன்.
அசையவில்லை.
கண் திறந்தபடி, கால்கள் லேசாக விறைத்தபடி.
பழகிவிட்டான், தூங்குகிறான் என்று
படம் எடுத்து லின்சிக்கு அனுப்பினேன்.
ராத்திரி பதில் வந்தது:
"அது தூக்கம் இல்ல அக்கா.
பருந்து புடிச்சா
செத்த மாதிரி கிடக்குமே, அது."

மேலிருந்து வந்த கை
என்னுடையது.

அதற்குப் பிறகு தரையில் உட்காரத் தொடங்கினேன்.
வேறொன்றும் செய்யவில்லை.
கரண்ட் பில், சீரியல், பட்டாணி உரிப்பது.
கணவாய்க் காற்று சன்னலைத் தட்டிப் பார்க்கும்.
கொல்லம் ரயில் மலைக்குள் போகும்.
நான் ஒரு சாக்கு மூட்டையாக இருந்தேன்.
நாலாம் நாள் அம்மிணி
முந்தானையைக் கடித்துப் பார்த்தாள்.
ஒன்பதாம் நாள்
முன்னங்கால் இரண்டும் என் தொடைமேல்.
கை நாறுமே என்று
கொத்தமல்லித் தழையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டேன்.
குட்டன் என் உள்ளங்கையையே
சாப்பாடு என்று நினைத்துவிட்டான்.

நெஞ்சுக்கு அடியில் ஒரு கை.
பின்பக்கத்துக்கு ஒரு கை.
தரையிலிருந்து ஒரு விரற்கடை.
ஒன்று. இறக்கு.
மறுநாள் ஒன்று, இரண்டு. இறக்கு.
உதைத்த பிறகு விட்டால்
உதைதான் சாவி என்று கற்றுக்கொள்ளும்.
உதைக்க நினைக்கும் முன்பே விட வேண்டும்.
எப்போது நினைக்கும்?
காது பின்னால் சாயும்,
அந்த அரைக்கணம்.

சாவடியில் வண்டி நம்பர் எழுதுகிற பேனாவால்
காலண்டரில் எழுதினேன்:
கு 4, அ 2.
கு 7, அ ஒன்றுமில்லை, கோவில் வெடி.
கு 11, அ 3.
நடுவில் ஒரு வாரம் எழுதவில்லை.
சாவடியில் இரட்டை ஷிப்ட்.

நேற்று கரண்ட் இல்லை.
இருட்டில் அம்மிணியை எடுத்தேன்.
நாலு காலுக்கும் ஊன்ற ஏதாவது கிடைக்கும்படி
நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.
இருபதுவரை எண்ணினேன்,
பிறகு எண்ண மறந்தேன்.
அவள் நெஞ்சு என் நெஞ்சைவிட
மூன்று மடங்கு வேகமாக அடித்தது.
பேடிக்கண்டா என்றேன்.
அந்தச் சொல் இன்னும்
செங்கோட்டை வழியாகத்தான் வந்தது.

காது சாயுமுன் இறக்கினேன்.

ஓடவில்லை.
இரண்டடி தள்ளி உட்கார்ந்து
என் கை பட்ட இடத்தையெல்லாம்
நக்கி நக்கித் துடைத்தாள்,
சாவடியில் நான் டயருக்குச் செய்கிற மாதிரியே,
ஓர் இடம் விடாமல்.
பிறகு அங்கேயே படுத்துக்கொண்டாள்.