பதினேழாவது கேள்வி

அபிஷேகப்பட்டி வளாகத்தில்
இருநூற்றுப் பத்துப் படிவம் கொடுத்தேன்.
புள்ளியியல் இரண்டாமாண்டு, என் ஆய்வேடு.

கொழுப்பு கெடுதல் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.
எண்ணெய்ப் பண்டம் தவிர்ப்பேன் என்று
டிக் அடித்த தாளில் சால்னாக் கறை.
உடற்பயிற்சி உண்டா?
'பஸ் கிளம்பிட்டா ஓடுவேன்' என்கிறாள் ஒரு எம்.காம்.

ஜெபசிங் மட்டும் பதினேழில் நின்றான்.
குடும்பத்தில் யாருக்கேனும் இதய நோய்?
ஆம். இல்லை. தெரியாது.

"எங்கப்பாவுக்கு வாயுதாம்ல.
மானூர்ல வெங்காய லோடு ஏத்திக்கிட்டு இருந்தாவ,
நெஞ்சப் பிடிக்குன்னாவ.
சோடா வாங்க என்னைய அனுப்புனாவ.
கடைக்காரன் சில்லறை இல்லன்னு நிப்பாட்டிட்டான்."
பேனா மூடியைக் கடித்தான்.
"நாப்பத்திமூணு வயசு."

வாயுவுக்குக் கட்டம் இல்லை.
'இல்லை'யில் குறி போட்டுக் கொடுத்தான்.
நானும் வாங்கி அடுக்கில் வைத்தேன்.
தொண்ணூற்றெட்டாவது தாள்.

ராத்திரி பதினொன்றரை, பேட்டை.
நான்காவது புரோட்டாவைப் பிய்க்கையில்
இடது தோளிலிருந்து ஏதோ இழுத்தது, எனக்கு.
"ஏல, ஒரு சோடா சொல்லு" என்றேன்.

ஜெபசிங் சொல்லவில்லை.
கழுவாத கையோடு
எல்லாப் பையிலும்
பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.