ஹீட்டர்

அதாருக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்.
பழைய பென்ஸின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

யர்பா பானெட்டைத் திறக்கவில்லை.
கொதிக்கும் ரேடியேட்டர் மூடியில் கை வைத்து
முகம் வெந்தவனை
நுவாக்சோட் டாக்சிக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டுட்கார்ட்டில் எவனோ
பனிக்காலத்துக்கென்று பொருத்திய குமிழ்.
முப்பத்தெட்டு வருடமாய் யாரும் தொடாதது.
முழுக்கத் திருகினான்.

நாற்பத்தேழு டிகிரி வெயிலில்
ஊதத் தொடங்கியது:
முதலில் மணல்,
அப்புறம் ஒரு செத்த வண்டு,
அப்புறம் நெருப்பு.

பின்னிருக்கையில் நாலு பேர், ஓர் ஆட்டுக்குட்டி.
"எங்களைக் கொல்லவா பார்க்கிறாய்?"
என்றாள் லாலியா.

"எஞ்சினுக்குக் காய்ச்சல்.
ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்."

முள் ஒரு மயிரிழை இறங்கியது.
ஆடுகூடக் கத்தவில்லை.

லாலியா எட்டி
முக்காட்டு நுனியால்
டாஷ்போர்டைத் துடைத்துவிட்டாள்,
நெற்றியைத் துடைக்கிற மாதிரி.