ரொட்டிப் பையில் வந்த சாவி

சாவி வந்தது ஒரு ரொட்டிப் பையில்.
படகுக்காரன் எலாதியோ இறக்கி வைத்தான்,
கேஸ் சிலிண்டரோடும்
என் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரைகளோடும்.
"பங்குச்சாமியார் தந்தார். உனக்குத்தானாம்" என்றான்.
கையெழுத்துகூடக் கேட்கவில்லை.

சிலோயேவுக்குக் கிழக்கே
வரைபடத்தில் ஈ உட்கார்ந்த அளவு எங்கள் தீவு.
சாமியார் ஆண்டுக்கு இருமுறை வருவார்,
கடல் விட்டால்.
மற்ற நாளெல்லாம் செபம் சொல்ல
எங்களுக்குள் ஒருவர் உண்டு, பிஸ்கால் என்போம்.
பவுத்திஸ்தா முப்பத்தோரு வருடம் அப்படி இருந்தார்.
ஜூன் மழையில் போய்ச் சேர்ந்தார்.
அவருக்கான செபத்தை
ஆளுக்கொரு துண்டாக முணுமுணுத்து ஒப்பேற்றினோம்,
யாருக்கும் முழுதாகத் தெரியாததால்.

நான் சிப்பிப் பண்ணையில் கயிறு அறுப்பவள்.
நகக்கண்ணில் பாசி. வாயில் கெட்ட வார்த்தை.
மகன் பிறந்த வருடம் பாவசங்கீர்த்தனம் செய்தது;
அவன் இப்போது புந்தா அரேனாஸில் லாரி ஓட்டுகிறான்.
இதையெல்லாம் ஆண்டவருக்கு விவரமாகச் சொன்னேன்,
உருளைக்கிழங்கு தோண்டியபடி,
ஆள் மாறி வந்துவிட்டது தபால் என்று
திருப்பிக் கொடுக்கிறவளைப் போல.
பதில் இல்லை.
மழை மட்டும். அது எல்லாருக்கும் பெய்கிற மழை.

சாவியை மொச்சை ஜாடிக்குள் புதைத்தேன்.
வாரம் இரண்டு நாள் மொச்சை வேகவைக்கிற வீடு இது.
மூன்று வாரம் பட்டாணியே வெந்தது.
மொச்சை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள் மாமியார்.
தீர்ந்துவிட்டது என்றேன்,
ஜாடிக்கு முன்னால் நின்றுகொண்டு.

ஒரு வியாழன் இரவு
முக்குளிப்பவன் பெலார்மினோவைக் கடல் திருப்பித் தந்தது,
ஒன்பது மணி நேரம் வைத்திருந்துவிட்டு.
பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.
டார்ச் வெளிச்சம், சேற்றுப் பாதை, யாரோ வழுக்கினார்கள்.
ஓத்திலியா என் வேலியோரம் நின்றாள்.
அழவில்லை.
"கோயில் சாவி யாரிடம் இருக்கிறது?"
அவ்வளவுதான்.
செபிக்கத் தெரியுமா என்றுகூட இல்லை.

எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.
"என்னிடம்" என்றது வாய்.
என் வாய்தான். அதே கெட்ட வாய்.

ஜாடியைக் கவிழ்த்தேன்.
மொச்சை அடுப்படியெல்லாம் உருண்டது.
மாமியார் ஒன்றும் பேசாமல்
குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.
மாதக்கணக்கில் மழை குடித்து
மரம் ஊதிப்போயிருந்தது.
தோளால் இடித்தேன். ஒரு சாண் விலகியது.
உள்ளேயிருந்து பழைய மெழுகின் வாசம், எலிப்புழுக்கை வாசம்.
எனக்கு அது போதும், நுழைந்துவிடுவேன்.
இத்தனை காலமும் ஆண்டவருக்கென்று
நான் திறந்து வைத்திருந்ததும் அந்த ஒரு சாண்தான்.
வேண்டுமென்றால் ஒருக்களித்து வரட்டும்.

பின்னால் பெலார்மினோ காத்திருந்தான்,
பலகையில், ஈர உடையோடு.
அவனுக்கு முழுக்கதவும் வேண்டும்.

மறுபடி இடித்தேன். எலாதியோ வந்து தோள் கொடுத்தான்,
அவன் தம்பி, அப்புறம் ஓத்திலியாவே.
கீழ்க்கீல் பெயர்ந்து விழுந்தது.
கதவு சுவர்வரை போய் மோதி நின்றது.
எங்களோடு மழையும் உள்ளே வந்தது.

தெரிந்ததைச் சொன்னேன்.
தெரியாத இடங்களில் அவன் பெயரைச் சொன்னேன்.
நடுவில் மெழுகு கையில் சொட்டியபோது
ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன்.
அதற்கும் யாரோ ஆமென் என்றார்கள்.

கீலை இன்னும் மாற்றவில்லை.
எலாதியோவிடம் சொல்லியிருக்கிறேன்,
அடுத்த நடையில் வாங்கி வருவான், அல்லது மறந்துவிடுவான்.
அதுவரை கதவு சாத்தாது.
ராத்திரிக் காற்றில் அது அடித்துக்கொள்ளும் சத்தம்
என் படுக்கைவரை கேட்கிறது.
எழுந்துகொள்கிறேன்.