பிலத்தில் இறங்கியவள்

மூன்று நாளாய் எனக்குத் தனிப்படுக்கை.
பிலத்துக்குள் இறங்குகிறவளுக்கு அதுதான் விதி.
முணுமுணுத்துப் பார்த்தான் ஃபிலாக்ரோஸ்.
விதைப்புக்கு எட்டே நாள் என்றேன்,
வாயை மூடிக்கொண்டான்.
வயல் வைத்திருக்கும் ஆணுக்கு
மற்ற பசியெல்லாம் அப்புறம்.

ஹாலிமூஸ் கடற்கரை மேட்டில்
பெண்கள் மட்டும் கூடினோம்.
நடுநாள் முழுக்கப் பட்டினி.
நொச்சித் தழை பரப்பி வெறுந்தரையில் கிடந்தோம்,
பாதாளத்துக்கு மகளைப் பறிகொடுத்த
தெமேத்தர் கிடந்தாளே, அப்படி.
உதிர்ந்த மாதுளை முத்தை ஒருத்தியும் தொடவில்லை.
அது கீழே இருப்பவர்களுடையது.

பொழுது சாய்ந்ததும் கெட்ட வார்த்தைகள்.
உப்பு விற்பவன் மனைவி ஸிமிகே
தன் புருஷனின் உலக்கையைப் பற்றிச் சொன்னது
எந்த ஆணின் காதிலும் விழக்கூடாது.
அழுத தெய்வமே அன்று சிரித்ததாம்.
நான் சிரித்துச் சிரித்து
மறைவிடம் தேடி ஓட வேண்டியதாயிற்று.

விடியலில் இடுப்பில் கயிறு கட்டினார்கள்.
கோடையில் தள்ளிய பன்றிக்குட்டிகள்
நான்கு மாதமாய் இருட்டில் ஊறிக் கிடந்தன.
மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள்,
பாம்புகள் விலகட்டும் என்று.
காவல் நாகங்கள் எனக்கு வழிவிட்டன என்றுதான்
மேலே வந்து சொன்னேன்.
உண்மையில் அவற்றில் ஒன்று
என் கணுக்கால்மேல் ஏறி இறங்கி
வேறு ஏதோ வேலையாகப் போயிற்று.

சதை எது, மண் எது,
நான் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளினேன்.
நாற்றம் நாற்றாக
ஒரு கூடைத் தொலைவுதான் என்று
சொல்லிக்கொண்டே அள்ளினேன்.
விரலில் ஒரு தாடை எலும்பு இடறியது.
அரிசி போலப் பால்பற்கள்.
ஏழாம் மாதத்தில் நான் பெற்று
ஒலிவ மரத்தடியில் புதைத்ததற்கு
அதுகூட முளைத்திருக்கவில்லை.
எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேனோ,
கயிற்றை இழுத்துக் கேட்டார்கள்:
ஆர்க்கிப்பே, இருக்கிறாயா?
இருக்கிறேன் என்றேன்.

பலிமேடையில் பார்லி விதையோடு கலந்தார்கள்.
வீட்டுக்கு ஒரு பங்கு, வயலுக்கு.
என் நாத்தனார் லிசில்லா
கூட்டத்தில் என் முழங்கையைப் பிடித்தாள்.
ஒன்பது வருடமாய்த் திறக்காத வயிறு.
"எனக்கு ஒரு பிடி. வயலுக்கு இல்லை, எனக்கு."
அது முறையில்லை.
பூசாரிச்சி அந்தப் பக்கம் திரும்பியதும் கொடுத்தேன்.
முந்தியில் முடிந்து வயிற்றோடு கட்டிக்கொண்டாள்.
வழியெல்லாம் அவளருகில் யாரும் நடக்கவில்லை,
அப்படி ஒரு வாடை.

மழை வந்தது. ஃபிலாக்ரோஸ் விதைத்தான்.
எதைத் தூவுகிறோம் என்று அவன் கேட்கவில்லை,
கேட்டாலும் நான் சொல்லக் கூடாது.
லிசில்லாவுக்கு மாதாமாதம் வருவது
சரியாக வந்தது.
நான்காம் முறை வந்த அன்று
அந்தத் துணியை அவிழ்த்து
முற்றத்துச் சாக்கடையோரம் உதறினாளாம்.
என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

இன்று ஒரு படி எண்ணெய் கடன் கேட்கப் போனேன்.
சாக்கடைக் கல்லிடுக்கில் மூன்று பச்சைத் தாள்கள்,
விரல் உயரம்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
பேசாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
ஒரு கோழி கழுத்தை நீட்டி
அந்தப் பக்கம் போயிற்று.
விருட்டென்று எழுந்தாள் லிசில்லா.
கைதட்டினாள்,
இரண்டு கையிலிருந்தும் மாவு பறக்க.