பின்பக்கம்

கைப்பந்துக் கழகத்து அறுபதாம் ஆண்டு மலருக்கென்று
ஞானாபரணத்தின் மகன் கொண்டுவந்து வைத்தார்
தடித்த பேரேடு ஒன்று.
சூரமங்கலம் பார்சல் ஆபீசில் கழித்துவிட்டது.
எடை, ஊர், கூலி என்று கோடு போட்ட பக்கங்களில்
எடையுமில்லை கூலியுமில்லை,
அப்பா வெட்டி ஒட்டிய செய்திகள்.

"முன்பக்கம் மட்டும் ஸ்கேன் எடும்மா. பத்து ரூபாய்தானே?"
"பன்னிரண்டு" என்றேன்.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார்.
பூச்சி அண்டவில்லை, பசைதான் செத்துவிட்டது.
பக்கத்தைப் புரட்டினால்
துண்டு துண்டாக மடியில் விழுகிறது
'சேர்வராயன் செய்தி', வாரம் இருமுறை, விலை ஆறு காசு.

திருப்பத்தூரை 15-11, 15-9 என்று சுருட்டிய நம் பையன்கள்.
வலை கிழிந்ததால் நின்றுபோன அரையிறுதி.
தர்மபுரிக்காரர்கள் கோபித்துக்கொண்டு
பஸ் ஏறிப்போன கதை, மூன்று பத்தி.

விழுந்த துண்டுகள் எல்லாம்
நேராகவா விழும்?

"நெத்திமேட்டில் வண்டி குடைசாய்ந்து இருபது மூட்டை"
என்ன மூட்டை என்று கத்தரி சொல்லவில்லை.
"ஏற்காட்டுத் தோட்டத்துத் துரையின் நாயைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு"
எவ்வளவு?
"பொன்னம்மாப்பேட்டை கேட்டில் நேற்றிரவு ஒரு பெண்"
அவ்வளவுதான்.
அறுபது வருஷமாகக் கேட்டில் நிற்கிறாள்,
ரயில் போகட்டும் என்றா
வரட்டும் என்றா.

மத்தியானம் கரண்ட் போய் வந்தது.
கடைசிப் பக்கத்தில் பெரிய துண்டு:
கோப்பையோடு அணி.
மாலை போட்டுக்கொண்டு நடுவில்
வெள்ளைக்கல் சுரங்கத்து மேனேஜர்.
கீழே பொடி எழுத்தில் பெயர்கள்,
கடைசியில் "சி. மாரப்பன் (படத்தில் இல்லை)".

திருப்பினேன்.

"வேலை நீக்கப்பட்ட நாற்பத்திரண்டு பேர் வருமாறு:
க. பெத்தான், வெ. சடையன், ஆ. லூர்துசாமி,
மு. காத்தவராயன், கு. பச்சியண்ணன், தா. இஸ்மாயில்,
சி. மாரப்"

மிச்சம் முப்பத்தைந்து பேர்
கத்தரிக்கு அந்தப் பக்கம்.
அந்தப் பக்கத்தில்
என்ன பொட்டலம் கட்டினார்களோ, கடலையோ உப்போ.

ஒரே ஆள்தானா?
அந்தக் காலத்தில் மாரப்பன் தெருவுக்கு இரண்டு பேர்,
இனிஷியலும் ஒத்துப்போகும்.
ஞானாபரணம் பின்பக்கம் படித்தாரா?
படத்தின் கறுப்புக் கோட்டை ஒட்டி
மயிரிழை பிசகாமல் வெட்டியிருக்கிறார்.
கை நடுங்கவில்லை.
அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

என் வீடு மாமாங்கத்தில்.
துணி காயப்போட்ட கொடியில்
இன்றைக்கும் விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டும்.
இதைச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

பழைய பேப்பர் மெல்லிசு.
ஸ்கேனர் வெளிச்சம் பட்டால்
பின்பக்கத்து எழுத்து முன்னால் வந்து நிற்கும்,
இடவலம் மாறி, சாம்பல் நிறத்தில்.
முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறைந்துவிடும்.
தொழில் தெரிந்தவர்கள் வைப்பார்கள்.
எனக்குத் தொழில் தெரியும்.
கறுப்புத் தாள் மேஜை டிராயரில்தான் இருந்தது.

வெள்ளைத் தாளை வைத்து மூடினேன்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் தலைவாரும் கண்ணாடி,
சீப்பு நூலில் தொங்குகிறது.
பிரிண்டை அதன் எதிரே பிடித்தேன்.
மேனேஜரின் மாலைக்கு மேலே, வானத்தில்,
ஆறே கால் பெயர்களை
வாய்விட்டுப் படித்தேன்.
ஜெராக்ஸ் எடுக்க வந்த பையன் ஒருமாதிரி பார்த்தான்.
ஆதார் அட்டை. இரண்டு பக்கமும் வேண்டுமாம்.

சாயங்காலம் அவர் வந்தார்.
எல்லாம் பிரமாதம், பிரமாதம் என்று புரட்டிக்கொண்டே போனவர்
கடைசித் தாளில் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"கோப்பைக்கு மேல என்னம்மா அழுக்கு மாதிரி?"

"அது பேப்பர்லயே இருக்கு சார்."

"போகாதா?"

"போகாது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"சரி, இதுக்கு மட்டும் பத்து ரூபாய் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன்.