அரை மணி வித்தியாசம்

டப்போவிலிருந்து புரோக்கன் ஹில்லுக்கு
வானத்தில் அறுநூற்றெழுபது கிலோமீட்டர்.
தரையில் போனால் இன்னும் எண்பது கூட,
வழிமறிக்கும் கங்காருக்கள் தனி.
ஒன்றரை மணி நேரம் என்கிறது பயணச்சீட்டு,
எதிர்க்காற்றைக் கேட்காமல்.

அங்கே கடிகாரம் அரை மணி பிந்தி ஓடும்.
ஒரே மாநிலம்தான். அந்த ஊர் மட்டும்
பக்கத்து மாநிலத்தின் நேரத்தில் வாழ்கிறது,
எதிர்வீட்டு வைஃபையில் காலம் தள்ளுகிறவனைப்போல.
ஏழு மணிக்குப் பேசலாம் என்றால்
யாருடைய ஏழு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
இரண்டு வருடத்தில் எங்களுக்குள் வந்த சண்டைகளில்
பாதி அந்த அரை மணிக்குள் நடந்தவை.

வெள்ளிக்கிழமை. முப்பத்துநாலு இருக்கை, பதினோரு பேர்.
எடை சமன் ஆகவேண்டும் என்று
பின்வரிசைக்கு அனுப்பினாள் பணிப்பெண்.
என் மடியில் டப்பா.
"என்ன அது?"
"புளிக்கிற மாவு."
"வெடிக்குமா?"
"மூடியை இறுக்கினால்."

இளங்கீரன் சுரங்க ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான்.
ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் வெள்ளி
என்று சொல்கிற வேலை.
போன மாதம் அதே குரலில் சொன்னான்:
"இங்கயே வந்துடேன். இங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு."
பதிலை நேரில் சொல்கிறேன் என்றிருந்தேன்.

கோபார் தாண்டியதும்
கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினேன்.
வழக்கம்தான். சும்மா கிடைக்கிற முப்பது நிமிடம்,
ஞாயிறு மாலை பிடுங்கிக்கொள்வார்கள்.
கீழே டார்லிங் ஆறு
நேராகப் போக மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஆறும் இல்லை.
சன்னல் முழுக்கச் செம்மண்.
ஊருக்கு மேலே இரண்டு வட்டம்.
ஓடுபாதை தெரியவில்லை, மன்னிக்கவும்,
டப்போவுக்கே திரும்புகிறோம் என்றார் விமானி,
கடையில் சில்லறை இல்லை என்பதுபோல.

பின்காற்று. வந்ததைவிட வேகம்.
கூட்டிப் பார்த்தேன்:
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர்,
மூன்று மணிக்குக் கொஞ்சம் மேல்,
ஏறிய அதே படிக்கட்டில் இறக்கம்.

கார் நிறுத்துமிடத்தில் போன் அடித்தது.
"சத்தம் கேட்டுச்சு" என்றான்.
"ரெண்டு தடவை. வண்டிய விட்டு இறங்கி
மூக்குல துணியக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பார்த்தேன்.
மண்ணுதான்.
அப்புறம் சத்தம் சின்னதாச்சு."
பதிலைப் பற்றி அவன் கேட்கவில்லை.
போனை வைக்கவும் இல்லை.

வீட்டில் டப்பாவைத் திறந்தேன்.
பொங்கி, மூடியின் உட்புறம் ஒட்டி,
நுரை நுரையாய்.
அவ்வளவு தூரமும் அது மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

சனி, ஞாயிறு
தோசை சுட்டேன், துணி துவைத்தேன்,
கடிகாரத்தைத் தொடவில்லை.

திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைந்தபோது
ஜனீன் சுவரைக் காட்டினாள். அரை மணி தாமதம்.
"புரோக்கன் ஹில்லில்
இன்னும் ஏழுதான் ஆகிறது" என்றேன்.